புதுசைப் பழசாக்குகிறவர்

மற்ற பட்டறைக்காரர்கள் பழசைத் தேய்த்துப் புதுசு என்று விற்பார்கள். அழுக்கு மேஸ்திரி புதுசை அழுக்காக்கிப் பழசு என்று கொண்டுவந்தவர். பெயர் அப்படித்தான் வந்தது. ஜீப் ஸ்டாண்டில் காதுபடவே கூப்பிடுவார்கள். அவரும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால்தான், இவன் என்னமோ கேட்க வந்திருக்கிறான் என்று முகம் சுருங்கும்.

சமாச்சாரம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மலை ஏறுகிற ஜீப்புக்கான சாமான்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் பாதி விலை. ஆனால் சோதனைச் சாவடியில் புதுச் சாமானுக்கு வரி உண்டு. வரியும் கட்டி, போய்வந்த செலவையும் சேர்த்தால், உள்ளூரிலேயே வாங்கித் தொலைத்திருக்கலாமே என்று ஆகிவிடும். வண்டியிலிருந்து கழற்றிய பழசுக்கு மட்டும் வரி கிடையாது. சாக்கைப் பிரித்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போ என்று விட்டுவிடுவார்கள். அந்த ஒரு பார்வையை நம்பித்தான் மேஸ்திரியின் பிழைப்பு நடந்தது.

அந்தப் பக்கம் சாமான் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. காலையில் வாங்கிய புதுச் சாமானை அங்கே உட்கார்ந்து உப்புத்தாளால் வர்ணம் போகத் தேய்ப்பார். கம்பெனி முத்திரையையும் எண்ணையும் அரத்தால் ராவி எடுப்பார். உப்புத்தண்ணீர் ஊற்றி வெயிலில் போடுவார். மதியத்துக்குள் செம்பழுப்பாகத் துரு கிளம்பிவிடும். அதற்கு மேல் கழிவு ஆயில், அதற்கு மேல் ரோட்டுப் புழுதி, மறுபடி ஆயில், மறுபடி புழுதி. சாயங்காலம் பார்த்தால் பத்து வருஷம் மலையில் ஓடிய சாமான் மாதிரி இருக்கும். கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

"அண்ணே, நான் பளபளன்னு கொடுக்கிறேன். நீங்க அதைக் குப்பையா ஆக்கிட்டுப் போறீங்க. பாக்கவே வயிறு எரியுதுண்ணே."

"உன் வயிறு எரிஞ்சா எரியட்டும். எங்க வீட்டு அடுப்பு எரியணும்."

அப்படி மிச்சம் பிடித்த பணத்தில்தான் மகள் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குச் செகண்ட் ஹேண்டில் ஒரு ஜீப் வாங்கிக் கொடுத்ததும் அதில்தான். ஓட்டு வீடு தளம் போட்ட வீடானதும் அதில்தான்.

மேஸ்திரி யாரையும் நம்பாதவர். வரி போடுகிறவனை நம்பமாட்டார், பணத்தை வாங்கிக்கொண்டு மிச்சம் கொடுப்பவனை நம்பமாட்டார், சிரித்துப் பேசுகிறவனைச் சுத்தமாக நம்பமாட்டார். "உலகத்துல ரெண்டே ரெண்டு பேரைத்தான் நம்பலாம். ஒண்ணு நான். இன்னொருத்தன் இன்னும் பொறக்கல" என்பார். பட்டறையில் அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று யாரும் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, "என்ன, கணக்கு எடுக்கிறியா?" என்று கேட்பார்.

மாப்பிள்ளை இதற்கு நேர்மாறு. நாலு வார்த்தை பேச ஒரு பொழுது எடுத்துக்கொள்வான். வண்டியை எடுப்பதற்கு முன் நான்கு டயரையும் தட்டிப் பார்ப்பான், கீழே குனிந்து பார்ப்பான், மறுபடி ஒருதரம் குனிவான். "மாப்ள வண்டியைக் கும்பிடுறாரா, ஓட்டுறாரா?" என்று ஸ்டாண்டில் கேலி செய்வார்கள். மேஸ்திரியும் உள்ளுக்குள் பயந்தாங்கொள்ளி என்றுதான் நினைத்திருந்தார். மகள் முகத்துக்காக வாயைத் திறக்கவில்லை.

மலை உச்சியில் செல்போன் கோபுரம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. காலையில் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மேலே போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவதுதான் மாப்பிள்ளைக்கு வாடிக்கை. ரோடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் கல்லும் சேறும்.

ஒருநாள் மாப்பிள்ளை பட்டறைக்கு வந்து, "மாமா, வண்டியை ஒடிச்சுத் திருப்பும்போது கீழே டிக் டிக்குன்னு ஒரு சத்தம்" என்றான்.

"ஜீப்புன்னா சத்தம் போடத்தான் செய்யும் மாப்ள. பேசாம இருக்க அது என்ன பொம்மையா?"

"இல்ல மாமா. இது வேற சத்தம்."

மேஸ்திரி முனகிக்கொண்டே கீழே படுத்தார். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரங்களை இழுக்கிற இரும்புக் கை ஒன்று உண்டு. டிராப் ஆர்ம் என்பார்கள். அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, மேலே சாக்பீஸைத் தேய்த்தார். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடு காட்டும். காட்டியது. கழுத்துப் பக்கம் தலைமுடி கனத்தில் ஒரு கோடு. சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாது.

"இது மலையில முறிஞ்சா வண்டி நம்ம பேச்சைக் கேக்காது" என்றார். மாப்பிள்ளை அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் பழைய ஆர்மைச் சாக்கில் போட்டுக்கொண்டு மேஸ்திரி எல்லை தாண்டினார். அளவு ஒத்துப்பார்க்கப் பழசு கையில் வேண்டும். புதுசு வாங்கினார். கொட்டகையில் உட்கார்ந்து தேய்த்தார், ராவினார், துருப்பிடிக்க வைத்தார், ஆயிலும் புழுதியும் பூசினார். அன்றைக்கு வெயில் நன்றாகக் காய்ந்ததால் வேலை அபாரமாக அமைந்தது. சாக்பீஸ் ஒட்டிய பழசு மட்டும் வெள்ளையாகத் தனித்துத் தெரிந்தது. ஒன்று அழுக்கு, ஒன்று வெள்ளை என்றிருந்தால் சாவடியில் கேள்வி வரும். அதனால் பழசுக்கும் ஒரு பூச்சு கொடுத்தார்.

"பழசை இங்கேயே போட்டுட்டுப் போங்கண்ணே. எதுக்கு வீண் சுமை?" என்றார் கடைக்காரர்.

"போட்டுட்டுப் போனா நீ அதுக்கு வர்ணம் அடிச்சு அடுத்த தடவை எனக்கே புதுசுன்னு கொடுப்பே."

கடைக்காரர் சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினார். அடையாளத்துக்கு ஒரு நூலாவது சுற்றியிருக்கலாம். ஆனால் நூலைப் பார்த்தால் சாவடிக்காரன், எதற்கு இதில் மட்டும் நூல் என்று கேட்பான். தன் கைவேலை தனக்குத் தெரியாதா என்ற நினைப்பும் இருந்தது.

சாவடியில் கண்ணாடி போட்ட அதிகாரி சாக்குக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன மேஸ்திரி, உங்க ஊர்ல ஜீப்பெல்லாம் பழைய சாமான்லயேதான் ஓடுமா?"

"ஏழைங்க ஊரு சார். புதுசுக்கு எங்க போறது?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே."

"ரெட்டைப் பிள்ளைங்க சார்."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போகச் சொன்னார். மேஸ்திரிக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. வரிப் பணம் முழுசாகத் தப்பியது.

பொழுது சாய்கிற நேரத்துக்குப் பட்டறைக்கு வந்தார். மறுநாள் காலையில் வண்டி போகாவிட்டால் காண்டிராக்டர் வேறு ஜீப்பைக் கூப்பிட்டுவிடுவான். சாக்கை அவிழ்த்துக் கொட்டினார். இரண்டு ஆர்மும் தரையில் உருண்டன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தார், மற்றதைத் தூக்கிப் பார்த்தார். ராவிய தடம் எதில் என்று கட்டைவிரலால் தடவினார். ஒன்றில் வழவழப்பு தட்டுப்பட்டது. இதுதான் என்று எடுத்துக்கொண்டார். மற்றதைப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தார். ஆர்மின் துளையில் இருந்த பற்களுக்குள் அடைந்த சேற்றை மட்டும் துடைத்துவிட்டு மாட்டத் தொடங்கினார்.

மாப்பிள்ளை தள்ளி நின்றுதான் கேட்டான். "மாமா, மாட்டுறதுக்கு முன்னாடி இதுக்கும் ஒருதரம் சாக்பீஸ் போட்டுப் பாத்துடலாமா?"

ஜீப்புக்கு அடியிலிருந்து மேஸ்திரியின் முகம் வெளியே வந்தது.

"புதுசுக்கு எதுக்கு சாக்பீஸ்?"

"இல்ல, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. அதான்..."

"ஒரே மாதிரி ஆக்கினதே நான்தான் மாப்ள. எனக்குத் தெரியாதா? நீங்க பொறக்கிறதுக்கு முன்னாடியிருந்து ஸ்பேனர் பிடிக்கிற கை இது. இது மேல சந்தேகமா?"

"சந்தேகம் இல்ல மாமா."

"அப்போ போய் டீ குடிச்சிட்டு வாங்க."

ஊரையே சந்தேகப்பட்டவருக்கு ஒரு ஆள் ஒரே ஒருதரம் சந்தேகப்பட்டது பொறுக்கவில்லை. மாப்பிள்ளை டீ குடிக்கப் போகவில்லை. வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் மதியம் பழைய இரும்புக்காரம்மா தன் சரக்கு ஆட்டோவோடு பட்டறை வாசலில் வந்து நின்றாள். தராசு, சுத்தியல், வாய் மூன்றும் எப்போதும் கையில் இருக்கிற பெண்பிள்ளை. எடுக்கிற ஒவ்வொரு இரும்பையும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டித்தான் தராசில் வைப்பாள். வார்ப்பிரும்பு ஒரு விலை, எஃகு ஒரு விலை. சத்தத்தை வைத்துப் பிரிப்பாள்.

"நீ தட்டுற தட்டுல எடை குறையுது" என்றார் மேஸ்திரி.

"உங்க கஞ்சத்தனத்துக்கு இரும்பே மெலிஞ்சு போகும் அண்ணாச்சி. என்னைச் சொல்றீங்களே."

ஒரு பழைய கியர் சக்கரத்தைத் தட்டினாள். மொட்டையாக ஒரு சத்தம். உடைந்த ஸ்பிரிங் பட்டையைத் தட்டினாள். அதுவும் மொட்டை. பிறகு குவியலிலிருந்து அந்த ஆர்மை எடுத்துத் தட்டினாள்.

கிணீர் என்றது. சத்தம் பட்டறையைச் சுற்றிக்கொண்டு மெல்ல அடங்கியது.

"அடேயப்பா, நல்ல எஃகு. இதை எதுக்குத் தூக்கிப் போட்டீங்க?"

மேஸ்திரி வாயில் இருந்த பற்றவைக்காத பீடியை எடுத்தார். "இன்னொருதரம் தட்டு."

தட்டினாள். மறுபடியும் கிணீர். விரிசல் விட்ட இரும்பு அப்படிப் பாடாது. எத்தனை வருஷமாக இரும்போடு குடித்தனம் நடத்துகிறவர். அது அவருக்குத் தெரியும். அதைப் பிடுங்கி மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுக் கந்தலால் தேய்த்தார். சாக்பீஸை எடுத்துப் பூசினார். வெள்ளை அப்படியே வெள்ளையாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். கோடு வரவில்லை. வந்துவிடாதா என்று ஒரு மனிதன் விரிசலுக்காக ஏங்கியது அந்தப் பட்டறையில் அன்றுதான்.

"என்ன அண்ணாச்சி, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"உன் வண்டி மலை ஏறுமா?"

"பாலம் வரைக்கும் ஏறும். அதுக்கு மேல நான் மாட்டேன்."

"எடு."

ஆர்மையும் இரண்டு ஸ்பேனரையும் அதே சாக்கில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் தொற்றிக்கொண்டார். வழியெல்லாம் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். மேலே போன் எடுக்காது. கோபுரமே இன்னும் கட்டி முடியவில்லை. சாயங்காலம்தான் இறங்குவான், அதற்குள் போய்விடலாம், மேலேயே வைத்து மாற்றிவிடலாம் என்று திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிக்கொண்டார். யாரையும் வேண்டிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. அன்றைக்கு யாரையோ வேண்டிக்கொண்டார்.

பாலத்தில் இறங்கி நடந்தார். சாக்கு தோளை அழுத்தியது. மூச்சு முட்டும்போது நின்றார், மறுபடி நடந்தார். மேலே கருத்திருந்த வானம் தூறத் தொடங்கியது. மழை வந்தால் வேலையை நிறுத்தி ஆட்களைச் சீக்கிரம் இறக்கிவிடுவார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு அவர் நிற்கவில்லை.

வளைவுக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. வேலையாட்கள் ரோட்டோரத்தில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் தலையில் துண்டைச் சுற்றியிருந்தான், துண்டு சிவப்பாகியிருந்தது. ஜீப் பாறைப் பக்கத்து ஓடைக்குள் இறங்கி, ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது. முன்சக்கரங்கள் இரண்டும் ஆளுக்கொரு திசை பார்த்தன. மாப்பிள்ளையை இரண்டு பலகைகளைச் சேர்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். இடது கால் கால் மாதிரியே இல்லை.

"மாமா" என்றான். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே பேசினான். "இறங்க ஆரம்பிச்சதுமே டிக் டிக்குன்னு கேட்டுச்சு மாமா. புதுசாச்சே, இருக்காதுன்னு நெனச்சேன். இருந்தாலும் மனசு கேக்கல. பாறையை ஒட்டியே உருட்டிட்டு வந்தேன். இங்க வந்ததும் ஸ்டியரிங் சும்மா சுத்துது."

பாறையை ஒட்டி வராமல் நடு ரோட்டில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மேஸ்திரி பள்ளத்தைப் பார்த்தார். கீழே மரங்களின் உச்சிதான் தெரிந்தது. பயந்தாங்கொள்ளி என்று நினைத்தவன்தான் அத்தனை பேரையும் இந்தப் பக்கம் வைத்திருந்தான்.

"அந்தக் கடைக்காரன் நம்மள ஏமாத்திட்டான் மாமா" என்றான் மாப்பிள்ளை.

மேஸ்திரி தோளில் இருந்த சாக்கை இறக்கவில்லை. "பேசாதீங்க மாப்ள. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் தொடை எலும்புக்குக் கம்பி வைத்தார்கள். மறுநாள் அறையில் மகள் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து முகம் வீங்கியிருந்தது. ஸ்டாண்டிலிருந்து தாடிக்கார டிரைவர் ஒருவர் வந்து ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்கு நாங்க நாலு பேரு போறோம் மேஸ்திரி. அந்தக் கடைக்காரன் சட்டையைப் பிடிச்சுக் கேக்காம விடமாட்டோம். உளுத்துப்போன சாமானைப் புதுசுன்னு கொடுத்திருக்கான்."

மேஸ்திரி சாக்கை இரண்டு கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நோயாளியைப் பார்க்க வந்த சொந்தக்காரர் உட்காருகிற இடம் மாதிரி இல்லை, விசாரணைக்கு வந்தவன் உட்காருகிற இடம் மாதிரி இருந்தது அவருக்கு. ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்துவிட்டால் போதும். கடைக்காரன் அடி வாங்குவான். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன், யாரோ ஒருவன். உடைந்த துண்டைப் பார்த்து இது பழசு என்று சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தார்.

மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். "நீங்க சொல்றது சரிதாம்ப்பா. உங்களத் தவிர யாரையும் நம்பக் கூடாது."

அவளுக்கு நடக்கப் பழக்கின நாளிலிருந்து அவர் சொல்லிவந்த வார்த்தை. இப்போது அது அவள் வாயிலிருந்து வந்தது. சாக்குக்குள் கைவிட்டு ஆர்மை எடுத்துக் கட்டிலின் மேல், மாப்பிள்ளையின் நல்ல கால் பக்கம் வைத்தார். சாக்பீஸ் வெள்ளை இன்னும் அதில் ஒட்டியிருந்தது.

"இதுதான் புதுசு" என்றார். "உடைஞ்சது பழசு. தேஞ்ச வழவழப்பை ராவின தடம்னு நெனச்சு மாத்தி மாட்டினது நான். கடைக்காரன் மேல தப்பு இல்ல. அவன் பழசை அங்கேயே போடச் சொன்னான். நான்தான் அவனை நம்பாம தூக்கிட்டு வந்தேன்."

தாடிக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். பிறகு, டீ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை.

"அவர் சாக்பீஸ் போட்டுப் பாக்கலாம்னு கேட்டாராமேப்பா" என்றாள் மகள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

"கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டீ குடிச்சிட்டு வரச் சொன்னேன்."

மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மகளிடம் சொன்னான், அவரிடம் சொல்லவில்லை. "மாமாவை வீட்டுக்குப் போகச் சொல்லு."

போனார். ஆர்மை மட்டும் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போனார்.

ஜீப்பை ஓடையிலிருந்து இழுத்து வந்தபோது முன்பக்கத்துக் கம்பிகள் எல்லாம் வளைந்திருந்தன. ஆக்சிலும் போயிருந்தது. மாப்பிள்ளை மறுபடி வண்டி ஓட்டும்வரை கூலி டிரைவரை வைத்தாவது வண்டி ஓடினால்தான் மகள் வீட்டில் உலை கொதிக்கும். மேஸ்திரி கையிருப்பை வழித்து எடுத்துக்கொண்டு எல்லை தாண்டினார்.

கடைக்காரர் வழக்கம்போல் உப்புத்தண்ணீர் வாளியைக் கொட்டகைப் பக்கம் எடுத்து வைத்தார். "இன்னிக்கு வெயில் இருக்குண்ணே. சீக்கிரம் துரு ஏறிடும்."

"வேண்டாம். அட்டைப்பெட்டியிலேயே கட்டிக் கொடு. ரசீதும் போடு."

"ரசீதா?" கடைக்காரர் மேஸ்திரியை மேலும் கீழும் பார்த்தார். "உடம்புக்கு எதுவும் இல்லையேண்ணே?"

சாவடியில் கண்ணாடிக்கார அதிகாரி பெட்டிகளைப் பார்த்தார், பிறகு மேஸ்திரியைப் பார்த்தார். பெட்டிகளில் கம்பெனிப் பெயர் பெரிதாக அச்சடித்திருந்தது.

"என்ன இது?"

"புதுசு சார். வரி போட்டுக்குங்க."

அதிகாரி பேனாவை எடுக்கவில்லை. "மேஸ்திரி, உங்களை எனக்கு இன்னிக்கு நேத்தா தெரியும்? புதுசுன்னு நீங்களே சொல்றீங்கன்னா, உள்ள வேற என்னமோ இருக்கு." பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். எல்லாப் பெட்டிகளையும் பிரித்தார்கள். ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்துத் தட்டினார்கள், குலுக்கினார்கள், வெளிச்சத்தில் காட்டினார்கள். சுற்றியிருந்த காகிதத்தைக்கூட உதறினார்கள். பின்னால் வரிசையில் நின்ற ஆட்கள் முணுமுணுத்தார்கள். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேறொரு நாளாக இருந்திருந்தால் சாவடியே இரண்டுபட்டிருக்கும். நம்பாதவன் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு இத்தனை வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

"வெறும் சாமான்தான்" என்றார் அதிகாரி கடைசியில், ஏமாந்துபோனவர் மாதிரி. வரியைப் போட்டார். மேஸ்திரி கட்டினார்.

ஜீப்பில் மற்றதெல்லாம் மாட்டியாகிவிட்டது, ஆர்ம் மட்டும்தான் பாக்கி. மாப்பிள்ளை ஊன்றுகோலில் நடக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் காலையில் பட்டறைக்கு வந்தான். மகள் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு உள்ளே வராமல் திரும்பிப் போனாள். அவன் தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. ஆஸ்பத்திரியில் விட்டுவந்த ஆர்ம் அதற்குள் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அதை வெளியே எடுத்தான். மேஸ்திரி கேட்காமலே மண்ணெண்ணெய்த் தட்டையும் சாக்பீஸையும் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தார்.

அவசரப்படாமல் ஊறவைத்தான். துடைத்தான். சாக்பீஸைப் பூசிவிட்டுக் காத்திருந்தான். மேஸ்திரியும் நின்றார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பிறகு சுத்தியலால் ஒருதரம் தட்டிக் காதை அருகில் கொண்டுபோய்க் கேட்டான். சத்தம் அடங்கும்வரை கேட்டான்.

"மாட்டுங்க" என்றான். மாமா என்ற வார்த்தை வரவில்லை.

மேஸ்திரி ஜீப்புக்கு அடியில் படுத்தார். ஆர்மைத் தூக்கிப் பல்லோடு பல் சேர்த்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஊன்றுகோலின் ரப்பர் முனை வந்து ஊன்றியது. அதற்குப் பக்கத்தில் ஒரு செருப்பு, அதற்குப் பக்கத்தில் தரையில் முழுசாகப் பதியாத இடது பாதம். மாப்பிள்ளை குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவருக்குத் தெரிந்தது. ஸ்பேனரைக் கீழே போடவில்லை. வெளிச்சம் அவன் பக்கம் விழட்டும் என்று கொஞ்சம் நகர்ந்து படுத்துக்கொண்டு, நட்டை முடுக்கினார்.